எடை போட்ட வெள்ளி, எண்ணாத வெள்ளி

ஜேடர்பாளையம் படுகை அணையருகே காவிரியின் ஒரு பங்கு ராஜ வாய்க்காலுக்குள் திரும்புகிறது. அந்தப் பங்கு குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களாகக் கிளை பிரிந்து கரும்பையும் வாழையையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் நனைத்துக்கொண்டு போகிறது. மிச்சம் அணையைத் தாண்டிப் பரமத்தி வேலூர்ப் பக்கம் இறங்குகிறது. வாய்க்காலை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று ஊர் சொல்கிறது. ஆடிப்பெருக்கன்று இங்கே கூட்டம் சேரும். தாலிக்கயிறு மாற்றுவது, முளைப்பாரி விடுவது, மஞ்சளும் பூவும் மிதக்க விடுவது எல்லாம் உண்டு. கூடவே ஆற்றில் காசு போடுவதும் உண்டு.

போடும் காசு மாறிவிட்டது. பிரிட்டிஷ் காலத்து ஒரு ரூபாய் 11.66 கிராம் எடையுள்ளது. அதில் 100-க்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-இல் அந்தப் பங்கு பாதியாகக் குறைந்தது. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்ததும் புழங்கும் காசில் வெள்ளி என்பதே இல்லாமல் போயிற்று. இன்று ஆற்றில் விழுவது எஃகுக் காசு. அந்த நாளில் ஒரு முழு ரூபாயை ஆற்றுக்குக் கொடுக்க மனம் வந்தவர் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். காலணா, அரையணா என்று செம்பாகத்தான் பெரும்பாலும் போயிருக்கும். இருந்தாலும் போன தலைமுறையில் காவிரிக்குள் வெள்ளி இறங்கியதென்றால் இப்படி இறங்கியதுதான். கையால் எடுத்து, கண்ணால் பார்த்து, மனமறிந்து போட்டது.

அந்த வெள்ளி ரூபாய் மீனுக்கு ஒன்றும் செய்யவில்லை. காரணம் எளிது. நீரோடு உரசுவது உலோகத்தின் மேற்பரப்பு மட்டுமே. ஒரு ரூபாய்க் காசின் இரு முகங்களையும் விளிம்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 16 சதுர சென்டிமீட்டர். தீப்பெட்டியின் ஒரு பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதே காசில் உள்ள வெள்ளியை 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் மேற்பரப்பு மொத்தம் 300 சதுர மீட்டரைத் தொடும். நம் ஊர்க் கணக்கில் ஏழு சென்ட் மனை. எடை ஒரு குன்றிமணி கூடவில்லை. நீரோடு பேசும் முகம் மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. வெள்ளி நானோ துகளைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஒரு கணக்கிலிருந்து கிளம்புகிறது.

ஜேடர்பாளையத்துக்கு வடகிழக்கே இருக்கும் சேலம், வெள்ளியை அறிந்த ஊர். செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலிருந்து வெள்ளிக் கட்டி புறப்பட்டு, சுற்றுப்பட்ட ஊர்களின் பட்டறைகளில் கம்பியாகி, கண்ணிகளாகி, அரும்பும் சலங்கையும் கோத்துக் கொலுசாகித் திரும்பி வரும். இந்தத் தொழிலின் ஒவ்வொரு கட்டத்திலும் தராசு உண்டு. கொடுத்த வெள்ளி எத்தனை கிராம், திரும்பிய கொலுசு எத்தனை, சேதாரம் எத்தனை என்று நோட்டில் எழுதுவார்கள். அரம் போட்ட தூள், பற்றவைத்த இடத்தில் உதிர்ந்தது, மூசையின் அடியில் ஒட்டியது எதுவும் வீணாகாது. பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பைக்கு விலை உண்டு. கை கழுவிய தண்ணீரைக்கூடத் தொட்டியில் தெளியவிட்டு அடியில் தங்கிய வண்டலை எடுத்து வைப்பவர்கள் உண்டு. அதையும் மீறிப் போனதைத் தேடி, நகைத் தெருக்களின் சாக்கடை மண்ணை வாரி அலசுபவர்கள் வருவார்கள். உலோகம் ஆற்றை அடைவதற்குள் அதன் குறுக்கே நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவருக்கும் மீன் நினைவில் இல்லை. விலைதான் அவர்களை நிறுத்தியது.

அதனால் அந்தக் காலம் தூய்மையானது என்று சொல்ல வரவில்லை. வெள்ளியைச் சுத்தம் செய்ய நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். கரைந்ததும் அது வெள்ளி நைட்ரேட் ஆகிறது. உப்பு போட்டோ செம்புத் தகடு போட்டோ வெள்ளியைத் திரும்பப் பிடிப்பார்கள். பிடித்தபின் மிஞ்சிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று எவரும் நோட்டில் எழுதவில்லை. சேலம் நகரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஓடும் திருமணிமுத்தாறு நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. அது ஜேடர்பாளையத்துக்குக் கீழே. ஆகவே சேலத்துப் பட்டறைத் தண்ணீர் இந்த அணைக்கு வராது. இங்கே வருவது மேட்டூர், பவானி, குமாரபாளையம், ஈரோடு, பள்ளிபாளையம் ஊர்களைத் தொட்டு வரும் தண்ணீர். அதன் சாயத்தையும் நுரையையும் கரையோரத்து மக்கள் கண்ணாலேயே அறிவார்கள்.

பட்டறைக்கு அடுத்தபடியாக வெள்ளி புழங்கிய இடம் போட்டோ ஸ்டூடியோ. கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு என்பது வெள்ளியே. ஒளி படாத இடத்து வெள்ளி உப்பை ஹைப்போ என்ற ரசாயனம் கரைத்து எடுத்துவிடும். தாலுகா ஊர் ஸ்டூடியோ ஒவ்வொன்றின் இருட்டறையிலும் ஒரு ஹைப்போத் தொட்டி இருந்தது. எக்ஸ்ரே எடுத்த மருத்துவமனைகளிலும் அதே தொட்டி. ஏற்காடு மலையடிவாரத்தில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த காலத்தில், சேலத்துக்குள் வந்து போன வெள்ளி கொலுசு வெள்ளி மட்டுமல்ல; படச்சுருள் சுருளாகவும் வெள்ளி வந்தது. இங்கேயும் விலை காவல் நின்றது. பழைய ஹைப்போவையும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமையும் விலைக்கு வாங்கிப்போய் வெள்ளி பிரித்தெடுக்கும் ஆட்கள் இருந்தார்கள். இன்று ஸ்டூடியோக்காரரிடம் ஹைப்போ இல்லை. எக்ஸ்ரேயும் கணினித் திரைக்குப் போய்விட்டது. அந்த வழியாக நீருக்குப் போன வெள்ளி ஏறக்குறைய நின்றுவிட்டது. இது ஆதாயம், எந்தச் சட்டமும் கேட்காமல் தானாக வந்த ஆதாயம்.

அந்தப் பழைய வெள்ளி நீர்வாழ் உயிர்களை என்ன செய்தது என்பதற்குத் தெளிவான சாட்சி கடல் கடந்து கிடக்கிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில் பாலோ ஆல்ட்டோ என்ற ஊர். அதன் கழிவுநீர் நிலையம் திறந்துவிடும் சேற்றுத் திட்டில் வாழும் சிறு மட்டிகளை அமெரிக்கப் புவியியல் துறையினர் 1970-களிலிருந்து தொடர்ந்து எடுத்துப் பார்த்து வந்தார்கள். மட்டிகளின் சதையில் வெள்ளியும் செம்பும் ஏறிக் கிடந்தன. அவை உயிரோடு இருந்தன. ஆனால் இனம் பெருக்கும் பருவத்தில் பல மட்டிகளில் முட்டையோ விந்தோ உருவாகவில்லை. வெள்ளியின் ஒரு பெரிய வழி படம் கழுவிய தண்ணீர். 1980-களில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறை மேம்பட்டது. வெளியேறும் உலோகம் குறைந்தது. மட்டிகளின் உடலில் வெள்ளி இறங்கியது, இனப்பெருக்கம் மீண்டது. அந்தச் சேற்றில் பல்லாண்டு வேலை செய்த சாமுவேல் லூமா 2008-இல் நானோ வெள்ளியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். இது பழைய தொல்லையா, புதிய சவாலா என்று அதன் தலைப்பே கேட்டது.

நானோ வெள்ளி என்ற பெயர் புதிது. பொருள் அவ்வளவு புதிதல்ல. 1889-இல் கேரி லீ என்ற அமெரிக்கர் நீரில் மிதக்கும் மிக நுண்ணிய வெள்ளியைச் செய்யும் முறையை வெளியிட்டார். 1897 முதல் காலர்கால் என்ற பெயரில் அது மருந்தாக விற்றது. 1954-இல் நீச்சல் குளத்துப் பாசியைக் கொல்லும் மருந்தாக அமெரிக்காவில் பதிவும் ஆயிற்று. ஆனால் அன்றைக்கு அது மருந்துக் குப்பியிலும் குளத்திலும் அடங்கிய பொருள். வீட்டுக்குள் நுழைந்தது 2000-க்குப் பிறகுதான். துவைக்கும்போதே வெள்ளியைத் தண்ணீரில் விடும் சலவை இயந்திரம், நாற்றம் தடுக்கும் காலுறை, பூசணம் பிடிக்காத பெயின்ட், உணவு கெடாமல் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, பல் துலக்கும் பிரஷ் என்று அது பரவிற்று. 2015-இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பு நானோப் பொருள் கலந்த 1,814 நுகர்பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றில் 435-இல் இருந்தது வெள்ளி. வேறு எந்த நானோப் பொருளும் அத்தனை பண்டங்களில் இல்லை.

ஒவ்வொரு பண்டத்திலும் இருக்கும் வெள்ளி அற்பம். அற்பமாக இருப்பதுதான் இங்கே சிக்கல். 2008-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பென், வெஸ்டர்ஹாஃப் என்ற இருவர் கடையில் வாங்கிய காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில வகைகள் நான்கே அலசலில் தம் வெள்ளியை ஏறக்குறைய முழுதும் விட்டுவிட்டன. சில வகைகள் விடவே இல்லை. ஸ்விட்சர்லாந்தில் வெளிச் சுவருக்கு அடித்த நானோ வெள்ளிப் பெயின்ட் ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளியை இழந்தது. கொலுசிலிருந்து அரை கிராம் குறைந்தால் வீட்டில் கேள்வி எழும். காலுறையிலிருந்து சில மில்லிகிராம் போனால் கேட்க யார் இருக்கிறார்கள்? வாங்கியவருக்கு அங்கே வெள்ளி இருந்ததே தெரியாது. சேலத்துச் சாக்கடையில் நின்ற நாலைந்து பேரில் ஒருவர்கூட இந்த வழியில் நிற்கவில்லை.

இதே வெள்ளி நம் பக்கத்தில் செய்த நன்மையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப்பின் குழு, நீரில் கலந்த பூச்சிமருந்தை நானோ வெள்ளியால் பிடிக்கும் முறையைக் கண்டது. 2007-இல் அது வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. 2009 டிசம்பரில் டாடா நிறுவனம் நெல் உமிச் சாம்பலில் வெள்ளி நானோ துகளை ஏற்றிய சுவச் என்ற வடிகட்டியை 749 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. மின்சாரம் வேண்டாம், கொதிக்க வைக்கும் விறகு வேண்டாம். ஒரு காலத்தில் வெள்ளிக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்க ஜமீன் வீடாக இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கும் வெள்ளியின் கிருமி கொல்லும் குணம் எட்டியது நானோ ஆனபிறகுதான். தீப்புண்ணுக்குப் போடும் வெள்ளி மருந்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இவற்றைத் தள்ளிவிட்டுக் காலுறையை மட்டும் காட்டிக் குறை சொல்வது நியாயமில்லை.

நம் கல்லூரிகளிலும் இந்தத் துகள் மிகவும் வேண்டப்பட்ட பொருள். வேம்பு, துளசி, நொச்சி என்று ஏதாவது ஓர் இலையைக் காய்ச்சி வடித்து, வெள்ளி நைட்ரேட் கரைசலோடு கலந்தால் போதும். சற்று நேரத்தில் கரைசல் பழுப்பு நிறமாகும். துகள் பிறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். தமிழ்நாட்டில் தாவரவியல், விலங்கியல், உயிர்த் தொழில்நுட்பம் படித்து ஆய்வுக்குப் போன பிள்ளைகளில் இதைச் செய்து பார்க்காதவர்கள் குறைவு. பசுமை முறை என்று இதற்குப் பெயர். பழைய முறையில் தேவைப்பட்ட கடுமையான ரசாயனங்கள் இதில் வேண்டியதில்லை என்ற அளவில் பெயர் சரிதான். அப்படிப் பிறந்த துகளைக் கொசுப்புழு மேல் போட்டுப் பார்க்கிறார்கள், புழு சாகிறது. எனக்கு உறுத்தும் இடம் இது. கொசுப்புழு இருக்கும் குட்டையில்தான் மீன் குஞ்சுக்கு இரையாகும் நீர்த்தெள்ளும் இருக்கிறது. இலையில் பிறந்ததென்று வெள்ளி அதற்குத் தனிச் சலுகை காட்டாது.

மீனின் உடலில் என்ன நடக்கிறது என்பது 1990-களிலேயே தெளிவாகிவிட்டது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் வுட் குழுவினர் டிரவுட் மீனை வைத்து அதை விளக்கினார்கள். ஆற்று மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியுள்ள நீரில் குறைவு. ஆகவே உப்பு ஓயாமல் வெளியே கசியும். மீன் ஓயாமல் செவுள் வழியே அதை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். இழுக்கும் வேலையைச் செய்வது செவுள் செல்களில் இருக்கும் ஒரு நொதி. கரைந்த வெள்ளி அயனி சோடியம் நுழையும் வழியிலேயே நுழைந்து அந்த நொதியை நிறுத்திவிடுகிறது. கசிவு தொடர்கிறது, இழுப்பு நின்றுபோகிறது. ரத்தத்தில் உப்பு இறங்க, நீர் திசுக்களுக்குள் புக, ரத்தம் கெட்டியாகி, முடிவில் இதயம் தாங்காமல் போகிறது. மீன் மூச்சு முட்டிச் சாகவில்லை. உப்பை இழந்து சாகிறது.

வெள்ளி எந்த வடிவில் வருகிறது என்பதைப் பொறுத்து இந்த நஞ்சு ஏறும், இறங்கும். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில் சிறு மீன்களில் பாதியைக் கொல்ல லிட்டருக்கு 16 மைக்ரோகிராம் வெள்ளி நைட்ரேட் வடிவில் போதுமாயிற்று. ஹைப்போவில் இருப்பதுபோல் தயோசல்ஃபேட்டோடு பிணைந்த வெள்ளி என்றால் 200 மில்லிகிராமைத் தாண்டியும் கொல்லவில்லை. பத்தாயிரம் மடங்குக்கும் மேலான இடைவெளி. ஆகையால் ஸ்டூடியோத் தண்ணீர் அன்று மீனைக் கூட்டம் கூட்டமாக மிதக்க விடாததில் ஆச்சரியமில்லை. நானோ துகள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பெருமளவு நஞ்சு அதிலிருந்து கசியும் அயனியின் வேலை என்பதைப் பச்சைப்பாசியை வைத்து 2008-இல் நவாரோ குழுவினர் காட்டினார்கள். ஆனால் அயனி நீரில் தனியே வந்தால் வழியில் குளோரைடோ கந்தகமோ பிடித்துக்கொள்ளும். துகளோ தன் அயனியை உள்ளே பொத்திவைத்துக்கொண்டு செவுளில் ஒட்டி, குடலுக்குள் போய், அங்கே மெல்ல அவிழ்க்கிறது.

அதே 2008-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆஷாராணியும் சுரேஷ் வளியவீட்டிலும் மற்றவர்களும் வரிக்குதிரை மீனின் கருவை வெள்ளி நானோ நீரில் வளர்த்தார்கள். இந்த மீன் நம் நாட்டு ஓடை மீன். கங்கைப் படுகையில் கண்டு 1822-இல் ஹாமில்டன் பெயரிட்டது. விரல் நீளம்கூட இல்லாத இதன் முட்டை கண்ணாடி மாதிரி இருப்பதால், உள்ளே நடப்பதை உருப்பெருக்கியில் நேராகப் பார்க்கலாம். அளவு கூடக் கூட முதுகுத்தண்டு வளைந்தது, இதயத்தைச் சுற்றி நீர் கோத்தது, துடிப்பு மெதுவானது. நீர்த்தெள்ளுக்கோ இத்தனை அளவு தேவையில்லை. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் வெள்ளியே இரண்டு நாளில் அதன் நீச்சலை நிறுத்திவிடும்.

அன்று நம் ஊரில் தண்ணீர் கெட்டதா என்று கண்டறியும் முறை வேறு. மீன் மிதந்தால் கெட்டது, மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பினால் கெட்டது, வெற்றிலைக் கொடி கருகினால் கெட்டது. தாமதமான முறை, ஆனால் கரையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த முறை. இன்றைய முறையில் லிட்டரில் நானோகிராமைக்கூட எண்ணும் கருவி உண்டு. கரைந்த வெள்ளி எவ்வளவு, துகளாக இருப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் நுட்பமும் வந்துவிட்டது. ஆனால் எதைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் கருவி தேடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளில் தொடர்ந்து பார்க்கச் சொல்லும் உலோகங்கள் ஆர்சனிக், காட்மியம், செம்பு, ஈயம், குரோமியம், நிக்கல், துத்தநாகம், பாதரசம், இரும்பு. வெள்ளி அதில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் லிஜி ஃபிலிப் குழுவினர் காவிரியில் இரண்டாண்டு மாதிரி எடுத்து 2021-இல் வெளியிட்ட முடிவுகள் வலிமருந்துகளையும் ஆர்சனிக், குரோமியம், ஈயம், நிக்கல், துத்தநாகத்தையும் காட்டின. இப்யூப்ரோஃபென் காவிரியில் ஓடுகிறது என்று கேட்டபோது சிலர் சிரித்தார்கள். ஆற்றுக்கே உடம்பு வலியா என்று ஒரு டீக்கடைப் பேச்சு என் காதிலும் விழுந்தது.

அச்சத்தைப் பெருக்கிக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. ஆற்று நீரில் இருக்கக்கூடிய நானோ வெள்ளி லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் என்றுதான் ஐரோப்பிய மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆய்வகத்தில் மீன் கருவை வளைத்த அளவு அதைப்போல் பல லட்சம் மடங்கு. மேலும் சாக்கடையில் காற்றில்லாத இடத்தில் ஊறும் கந்தகம் வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்ஃபைடு ஆக்கிவிடுகிறது. வெள்ளிப் பாத்திரத்தில் படியும் அதே கறுப்பு. அந்த வடிவம் ஏறத்தாழ கரையாது. கழிவுநீர் நிலையத்தின் வண்டலில் வெள்ளி சல்ஃபைடு நுண்துகள்களை 2010-இல் மின்னணு நுண்ணோக்கியில் நேராகவே பார்த்தார்கள். நாற்றமடிக்கும் சாக்கடை மீனுக்குக் காவலாக நிற்பது விசித்திரம்தான். ஆனால் வண்டலுக்குப் போன வெள்ளி மறைவதில்லை. அது எருவாக வயலுக்குப் போகிறது. 2013-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் குறைந்த அளவு நானோ வெள்ளி கலந்த வண்டலை மண்ணில் இட்டுப் பார்த்தபோது, நுண்ணுயிரும் சில செடிகளும் தளர்ந்தன. சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் ஊர்களின் கதை இது. சாக்கடை நேராக ஆற்றில் இறங்கும் ஊர்களில் வண்டலும் நேராக ஆற்றுப் படுகையில்தான் படியும்.

ஆய்வகத் தொட்டி வேறு, ஏரி வேறு என்ற வாதத்துக்குக் கனடாவில் ஒரு விடை கிடைத்தது. ஒன்டாரியோவின் காட்டுக்குள் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 222 என்ற எண்ணுள்ள சிறு ஏரியில் 2014-இலும் 2015-இலும் கோடை முழுக்கச் சிறிது சிறிதாக நானோ வெள்ளியைக் கரையிலிருந்து சொட்டவிட்டார்கள். நீரில் வெள்ளி லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில் நின்றது. மீன் எதுவும் கரை ஒதுங்கவில்லை. பாசி ஏறக்குறைய வழக்கம்போல் இருந்தது. ஆனால் பெர்ச் என்ற சிறு மீன் உண்பது குறைந்தது, அதன் எண்ணிக்கை இறங்கியது. அதைத் தின்று வாழும் பைக் மீனின் ஈரலில் வெள்ளி சேர்ந்தது. சொட்டுவதை நிறுத்திய பிறகும் பைக் மீன் தன் வெள்ளியை எளிதில் விடவில்லை. படகில் போய்ப் பார்த்தவருக்கு ஏரியில் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. வலைபோட்டு, எடைபோட்டு, வருடக்கணக்கில் எண்ணிய பிறகே குறைவு தெரிந்தது.

ஜேடர்பாளையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள் அணையில் குளித்துவிட்டு, பூங்காவைச் சுற்றிவிட்டு, மீன் வறுவல் கடைக்குத்தான் வருவார்கள். தட்டில் பெரும்பாலும் ஜிலேபி, இல்லாவிட்டால் கட்லா, ரோகு. கட்லாவும் ரோகுவும் வடக்கிலிருந்து கொண்டுவந்து விட்டவை; ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. "அந்தக் காலத்துல அயிரையும் ஆராலும் கெளுத்தியும் கூடை கூடையா வருமுங்க. இப்ப கேட்டா ஜிலேபிதானுங்க இருக்குது. அது எந்தத் தண்ணியிலயும் பொழச்சுக்குமுங்க" என்றார் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்ற அம்மா. அயிரையும் ஆராலும் குறைந்ததற்கு வெள்ளி காரணமென்று சொல்ல ஓர் ஆதாரமும் கிடையாது. அணைகள், கதவணைகள், மணல் அள்ளியது, சாயம், வந்தேறிய மீன்கள் என்று காரணங்கள் கண்முன் வரிசையில் நிற்கின்றன. ஆனால் அந்த அம்மா சொன்ன குணம் கவனிக்க வேண்டியது. அடியில் சேற்றைக் கிளறித் தின்னும் அயிரைக்கு, வண்டலில் படிவதெல்லாம் இரையோடு வாய்க்குள் போகும். நஞ்சு எதுவானாலும் முதலில் அகப்படுவது அப்படிப்பட்ட மீன்தான். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் மீன் மட்டும் மிஞ்சிய ஆற்றில், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மீனைப் பார்த்துச் சொல்லும் பழைய வழி அடைபட்டுப் போகிறது.

வெள்ளித் துகள் முழுக்க நம் காலத்துப் பழி என்றும் எழுதிவிட முடியாது. கொலுசு தேயும். பழைய கொலுசை மாற்றப் போனால் கடைக்காரர் வாங்கிய எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவார். தேய்ந்த அந்த வெள்ளி வாசல் மண்ணிலும் கிணற்றடியிலும் ஆற்றுப் படித்துறையிலும்தான் போயிருக்கும். 2011-இல் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளிக் கம்பி, தோடு முதலியவற்றை ஈரக்காற்றில் வைத்துப் பார்த்தபோது, அவற்றைச் சுற்றி நானோ துகள்கள் தாமாகவே முளைத்திருந்தன. ஆக, காவிரிப் படித்துறையில் கொலுசுக் காலோடு இறங்கிய தலைமுறைகள் அறியாமலே நானோ வெள்ளியைக் கரைத்துவந்திருக்கின்றன. வேறுபாடு இரண்டு. அன்று அது ஆண்டுக்கணக்கில், மிக மெதுவாகக் கசிந்தது; இன்று கிருமியைக் கொல்வதற்கென்றே திட்டமிட்டுத் தயாரித்துக் கலக்கிறோம். அன்று தேய்மானம் கடைக்காரர் தராசில் ரூபாயாகத் தெரிந்தது. இன்றைய தேய்மானத்துக்குத் தராசே இல்லை.

வெள்ளி விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2000 வாக்கில் கிலோ எட்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் இருந்தது, 2024-இல் சென்னையில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பட்டறைகளில் தூளைக் கூட்டும் கை இன்னும் கவனமாகியிருக்கிறது. சேதாரத்தில் பாயின்ட் கணக்குக்கும் பேரம் நடக்கிறது. மற்ற பக்கத்தில் அந்த விலை ஏற்றம் எதையும் தடுக்கவில்லை. ஒரு காலுறையில் இருக்கும் வெள்ளி ஒரு லட்ச ரூபாய் விலையிலும் சில ரூபாய்க்கு மேல் போகாது. அதைத் திரும்பப் பிடிக்க எவருக்கும் கட்டுப்படியாகாது.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால், நம் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளியை அனுமதிக்கிறது. மனிதருக்கு அது தீங்கில்லாத அளவு. அதில் குறை காண ஒன்றுமில்லை. அமெரிக்கா நன்னீர் உயிர்களுக்கென்று வைத்திருக்கும் அளவு, ஓரளவு கடினமான நீரில், 3.2 மைக்ரோகிராம். நாம் நிம்மதியாகக் குடிக்கலாம் என்ற தண்ணீருக்கு அனுமதித்த அளவில் முப்பதில் ஒரு பங்கு. 2007-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, வெள்ளி அயனியை விடும் சலவை இயந்திரத்தைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2024-இல் வெளியான ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆபத்துப் பொருள் பட்டியல் இன்னும் ஒரு படி போயிற்று. வெள்ளி அதில் ஒரு வரியாக இல்லை, மூன்று வரியாக இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி ஒன்று, அதற்குக் கீழ் தூள் ஒன்று, 100 நானோமீட்டரும் அதற்குக் கீழும் நானோ என்று இன்னொன்று. ஒரே உலோகம், அளவுக்கு ஏற்ப மூன்று பெயர்ப்பதிவு. சேலத்துப் பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு இதில் புதுமை ஒன்றும் படவில்லை. கட்டிக்கு ஒரு விலை, கம்பிக்கு ஒரு கூலி, தூளுக்கு ஒரு கழிவு என்று அவர் நோட்டில் அது எப்போதும் தனித்தனி வரிதான். மூன்றாவது வரியை மட்டும் எந்தப் பக்கத்தில் எழுதுவது, யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டார்.